சம்பள வரி 2012-லேயே ஒழிந்துவிடவில்லை

"2012 வாக்கெடுப்போடு சான் பிரான்சிஸ்கோவில் ஆள் எடுப்பதற்கான வரி ஒழிந்தது" என்று சொல்லப்படுவது சரியல்ல. அந்த வரிதான் சம்பள வரி: நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தின் மீது நகரம் நிறுவனத்திடம் வசூலித்தது. அன்று ஏற்கப்பட்டது, 1.5% சம்பள வரியை 2014 முதல் 2018 வரை படிப்படியாகக் குறைத்து, மொத்த வரவு மீதான வரிக்கு மாறும் திட்டம். எதிர்பார்த்த வருவாய் வராததால் 2018-லும் 0.38% மிஞ்சியது. 2020 நவம்பர் வாக்கெடுப்புதான் அதை முழுவதும் நீக்கியது.

முக்கியமான விஷயம் அதன் பிறகுதான். நிறுவனத்தின் மொத்த வரவில் எவ்வளவு நகரக் கணக்கில் சேரும்? நிதி, சட்டம், கணக்கியல் போன்ற துறைகளில், மொத்தச் சம்பளத்தில் நகருக்குள் கொடுக்கப்படும் பங்கை மட்டும் வைத்தே அது கணக்கிடப்பட்டது. ஒரு கோடி டாலர் வரவுள்ள நிறுவனத்தின் ஊழியர்கள் எல்லோரும் நகருக்குள் வேலை செய்தால் முழுத் தொகைக்கும் வரி. சம்பளத்தில் பாதி பக்கத்து நகரமான ஓக்லாந்துக்குப் போனால் 50 லட்சத்துக்கு மட்டுமே. பெயர் மாறியது, நகருக்குள் ஆள் வைப்பதற்கான தண்டனை மாறவில்லை. வீட்டிலிருந்து வேலை பரவியதும் நகரின் வருவாய் ஆட்டம் கண்டது இதனால்தான்.

2024 வாக்கெடுப்பில் நிறைவேறிய 'எம்' தீர்மானம் இதைத்தான் தொட்டது: பெரும்பாலான தொழில்களுக்கு நகரின் பங்கைக் கணக்கிடுவதில் நகருக்குள் நடக்கும் விற்பனைக்கு 75%, சம்பளத்துக்கு 25% எடை; சிறு தொழில்களுக்கு வரி விலக்கு வரம்பு 50 லட்சம் டாலர். வரி விகிதத்தை மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. வரவில் எவ்வளவு நகரக் கணக்கில் சேரும் என்ற பங்கீட்டு விதியையும் சேர்த்துப் படியுங்கள்.