ஆறு கிலோமீட்டர்

தினமும் ஆபீஸ் வருவதிலிருந்து விலக்கு கேட்டிருந்தேன், ஆறு கிலோமீட்டர் குறைகிறது என்று ஒரு ஸ்மைலியோடு மறுத்து மின்னஞ்சல் வந்தது. அதைப் பற்றித் திங்கட்கிழமை நான் போட்ட பதிவுக்கு வந்த கமென்ட்டுகளை எல்லாம் படித்தேன். "வெறும் ஆறு கிலோமீட்டருக்கு இவ்வளவு அழுகையா மேடம்?" என்று கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பஸ்ஸில் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் லேப்டாப் பை. டைப் அடிக்க மூன்றாவது கை இல்லை.

ஆறு கிலோமீட்டர் பிரச்சினை இல்லை சார். கிலோமீட்டரால் அளந்ததுதான் பிரச்சினை.

எங்கள் கம்பெனி விதி இது: வாரம் நான்கு நாள் ஆபீஸ், 50 கிலோமீட்டருக்கு அப்பால் வீடு இருந்தால் விலக்கு. சரி, நியாயம்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். அந்த 50-ஐ மேப்பில் நேர்கோடு போட்டு அளந்திருக்கிறார்கள் என்பது விண்ணப்பித்த பிறகுதான் தெரிந்தது. திருவள்ளூர் வீட்டிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸுக்குக் கோடு இழுத்தால் 44 வருகிறது, ஆறு குறைவு. சாலையில் போனால் 60-ஐத் தொடும். என்னிடம் இருப்பது சீசன் டிக்கெட், இறக்கை இல்லை.

காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்குகிறேன். லோக்கல் பிடித்து சென்ட்ரல். வெளியே வந்து ரோட்டைக் கடந்து பார்க் டவுன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர். (பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தவர் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.) பிறகு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ, மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டும். நாற்காலியில் உட்காரும்போது மணி எட்டே முக்கால். சாயங்காலம் அதே மூன்று மணி நேரம் தலைகீழாக. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். அந்த ஆறைப் பற்றி யாரும் கமென்ட் போடவில்லை.

எங்கள் டீமில் ஒருவருக்கு விலக்கு கிடைத்துவிட்டது. நிரந்தர முகவரி அரக்கோணம். ஆள் மூன்று வருஷமாகத் தங்கியிருப்பது துரைப்பாக்கத்தில், ஆபீஸுக்குப் பத்து நிமிஷம். கோள் சொல்வதற்காக எழுதவில்லை, தம்பி தங்கமான பையன், எனக்காக எச்ஆரிடம் பேசிப்பார்த்ததும் அவன்தான். ஆனால் கிலோமீட்டரால் அளந்தால் இதுதான் நடக்கும். பத்து நிமிஷத்தில் இருப்பவன் தொலைவில் இருக்கிறான், மூன்று மணி நேரத்தில் இருப்பவள் பக்கத்தில் இருக்கிறாள்.

உடனே ஒருவர், "மைக்ரோசாஃப்ட்டே 50 மைலுக்குள் இருப்பவர்கள் வரணும்னு 2025-ல் சொல்லிட்டான்" என்கிறார். சொன்னார்கள், உண்மைதான். 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர். அங்கே கார் வைத்திருப்பவர் ஹைவேயில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்த 50-ஐ எடுத்துக்கொண்டு மைலைக் கிலோமீட்டராக மாற்றினால் ஏதோ சலுகை கொடுத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? ரோட்டை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

"பக்கத்தில் வீடு பார்த்துக்கொள்." அட்வான்ஸ் நீங்கள் கொடுங்கள், பார்க்கிறேன்.

"மெட்ரோ வந்தால் சரியாகிவிடும்." மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரட்டும், சந்தோஷம். நான் ரிட்டயர் ஆவதற்குள் வரட்டும்.

"நர்ஸ், கண்டக்டர் எல்லாம் வீட்டிலிருந்தா வேலை பார்க்கிறார்கள்?" இதற்கு மட்டும் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. எங்கள் ஆபீஸ் மாடியைப் பெருக்கும் அக்கா கண்ணகி நகர். நகரத்துக்குள் இருந்த குடும்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தபோது அவர்களிடம் எந்தக் கிலோமீட்டரும் யாரும் கேட்கவில்லை. தெரியும். ஆனால் அவர் கையால் துடைக்கிற மேஜை ஆபீஸில் இருக்கிறது. என் வேலை அங்கே இல்லை. என் டீம் புனேயிலும் டெக்சஸிலும் இருக்கிறது. மூன்று மணி நேரம் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புனேக்காரரிடம் "ஆடியோ கேட்கிறதா" என்று கேட்கிறேன்.

"உங்கப்பா முப்பது வருஷம் சீசன் டிக்கெட்டில் போகலையா?" இது எங்கள் சொந்தக்காரர் ஒருவர் போட்டது. போனார் சித்தப்பா. அம்பத்தூர் எஸ்டேட் வரை போனார். சைரன் ஊதினால் அன்றைய வேலை முடிந்தது. ஆறரைக்கெல்லாம் வீட்டு வாசலில் ஈஸி சேர் போட்டு உட்கார்ந்திருப்பார், நீங்களும் வந்து காபி குடித்திருக்கிறீர்கள். அவருக்கு ராத்திரி ஒன்பதுக்கு அமெரிக்கா கால் கிடையாது. அதே அப்பா இப்போது விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். அவரை நடக்கவைக்க வருகிற பிசியோதெரபிஸ்ட்டை நான் இன்னும் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

எழுதிவிட்டேன், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பியபோது யாரும் மேப்பில் கோடு போடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் திருவள்ளூர் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்டதில்லை. மறுநாள் மேனேஜர் குரூப்பில் கைதட்டல் போடுவார். அவர் திருவான்மியூர். நல்ல மனிதர். டிரைவர் இருக்கிறார்.

எனக்கு விலக்குகூட வேண்டாம். வாரம் இரண்டு நாள் என்றால் வாயைத் திறக்காமல் வருகிறேன். மணிக்கணக்கில் அளந்து பாருங்கள் என்றுதான் எழுதினேன், முழு ஒரு பக்கம், ரயில் நேரங்களோடு. "ஜஸ்ட் மிஸ்!" என்று பதில் வந்தது. பக்கத்தில் அந்த ஸ்மைலி.

சரி, நாளைக்கு அமாவாசை. வீரராகவர் கோயிலில் ராத்தங்கிய கூட்டம் முழுக்க காலை வண்டியில் ஏறும், நான் ஐந்தரைக்கே கிளம்பணும். சண்டை போடுகிறவர்கள் கமென்ட்டில் போட்டுவையுங்கள், பார்க் டவுனில் வண்டிக்கு நிற்கும்போது பார்க்கிறேன்.