கட்டியது யார் பணம்?

பயிர்க்கடன் பேச்சு எடுத்தாலே 'நம்ம பக்கத்து விவசாயி நாணயமாக் கட்டறவன்' என்று ஒரு பெருமை கூடவே வரும். ஈரோடு, கோயமுத்தூர், நாமக்கல், எங்கே போனாலும் இதைத்தான் சொல்வார்கள். பொய்யில்லை, கட்டத்தான் செய்கிறார்கள். எந்தப் பணத்தில் கட்டுகிறார்கள் என்றுதான் யாரும் கேட்பதில்லை. மஞ்சள் விற்ற பணமா, பையன் திருப்பூர் கம்பெனியில் வாங்கும் சம்பளமா, இல்லை கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிர் டீக்கடையில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் ஒரு வாரத்துக்கு வாங்கிய பணமா?

ஊர்ப்பக்கம் தொடர்பு விட்டுப் போனவர்களுக்காகச் சொல்கிறேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. அதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். கெடு தாண்டினால் சலுகை போச்சு, 7 சதவீதத்தோடு அபராத வட்டியும் சேரும். வங்கியில் கிசான் கார்டு என்றால் 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம், நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் கழித்து 4. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மற்ற தொழில்களுக்கு இவ்வளவு மலிவாகப் பணம் கிடைப்பது அபூர்வம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சிவகிரிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டேகால் ஏக்கர் தோட்டம். ஆனி மாசம் மஞ்சள் வைக்கும்போது சங்கத்தில் ஒன்றரை லட்சம் வாங்குவார். அதில் ஒரு பங்கு உரமாக வரும், மீதி கணக்கில் ஏறும். விதை மஞ்சள், பாத்தி கட்டுவது, களையெடுப்பு, அப்புறம் வெட்டுக்கூலி, வேகவைப்பது, காயப்போடுவது, பாலீஷ் போடுவது என்று எல்லாம் சேர்த்தால் இந்த ஒன்றரை லட்சம் பாதிச் செலவுக்குக்கூட வராது. ஒரு ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் நிர்ணயிக்கிறது மாவட்டத் தொழில்நுட்பக் குழு. அவர்கள் களையெடுக்கிற ஆளுக்கு என்ன கூலி போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கூலிக்கு ஆள் கிடைத்தால் எங்கள் தோட்டத்துக்கும் நாலு பேரை அனுப்பி வைக்கலாம்.

மீதிச் செலவுக்கு உரக்கடையில் பாக்கி, மண்டிக்காரரிடம் முன்பணம், தெரிந்தவரிடம் ரெண்டு வட்டி. நூற்றுக்கு மாசம் ரெண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். மாசி, பங்குனியில் மஞ்சள் காய்ந்து மூட்டையானதும் வருகிற பணம் முதலில் யாருக்குப் போகும்? வட்டி அதிகமாக ஏறுகிற இடத்துக்குத்தான். மண்டிக்காரர் கணக்கில் கழித்துக்கொண்டுதான் கையில் கொடுப்பார். உரக்கடைக்காரரிடம் நாளைக்கே மறுபடி போய் நிற்க வேண்டும். அதனால் வட்டியே இல்லாத சங்கக் கடன் கடைசி வரிசையில் நிற்கும். புத்தியுள்ள எவனும் அப்படித்தான் செய்வான்.

வைகாசி கடைசியில் கெடு வரும்போது சித்தப்பா கையில் ஒரு நாற்பதாயிரம் இருக்கும். மிச்சம் 1,10,000 அந்த மஞ்சப்பைக்காரர் கொடுப்பார். ஆயிரத்துக்கு வாரம் பத்து ரூபாய். காலையில் அவரும் கூடவே வந்து பணம் கட்டுகிற இடத்தில் நிற்பார். ரசீதை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். புதுக் கடன் கணக்கில் ஏறியதும் எடுத்துக் கொடுத்தால்தான் ரசீது கைக்கு வரும். செயலாளருக்கு அவரைத் தெரியும், காசாளருக்குத் தெரியும், டீ கொண்டு வருகிற பையனுக்கும் தெரியும். இந்தக் கடன் 'வசூல்' என்று ஏடு ஏறும்.

கணக்குப் பார்த்தால் சித்தப்பா செய்வது சரி. கட்டாமல் விட்டால் ஒன்றரை லட்சத்துக்கு 7 சதவீதம் 10,500 ரூபாய். மஞ்சப்பைக்காரருக்கு ஒரு வாரத்துக்கு 1,100. யாராக இருந்தாலும் 1,100ஐத்தான் கொடுப்போம். ஆனால் அது ஒரு வாரத்தில் முடிந்தால்தான் இந்தக் கணக்கு. போன தடவை "மத்திய கூட்டுறவு வங்கியில இருந்து நிதி இன்னும் வரலைங்கண்ணா, திங்கக்கிழமை பாத்துக்கலாங்க" என்றார்கள். திங்கள் போய் அடுத்த திங்களும் போனது. வாரத்துக்கு ஒரு சதவீதம் என்பது வருஷத்துக்கு 52. வட்டியில்லாக் கடன் என்று பலகையில் எழுதியிருக்கிற கட்டடத்தின் வாசலிலேயே இந்தத் தொழில் நடக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. யார் போய்ப் புகார் கொடுப்பது? அவர் இல்லையென்றால் அடுத்த வருஷம் கெடுவுக்கு யாரிடம் போவது?

இன்னொன்று, அசல் குறைவதே இல்லை. வருஷக்கணக்காக அதே ஒன்றரை லட்சம் சங்கத்துக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் போய்வந்துகொண்டு இருக்கிறது. ஏட்டில் பார்த்தால் வாங்கிய கடனை எல்லாம் கட்டி முடித்த உத்தம விவசாயி.

நகைக்கடனிலும் இதே கதைதான். முன்பெல்லாம் வருஷ முடிவில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகையைத் திருப்பாமலே புதுப்பித்துக்கொள்ளலாம். 2025ல் பல வங்கிகளில் அது நின்றுபோனது. முழுப் பணத்தையும் கட்டி நகையைத் திருப்பு, அப்புறம் மறுபடி வை என்றார்கள். சித்தியின் கொடி ஒரு ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பப் போனது. அந்த ஒரு ராத்திரிக்கும் வட்டி உண்டு.

என் கருத்து இதுதான். கொங்கு நாட்டுச் சிறு விவசாயிக்குக் கடன் கிடைப்பதைவிடப் பெரிய சிக்கல் கடன் கட்டச் சொல்கிற தேதி. பயிர் எப்போது விலையாகும் என்பதற்கும் பணம் எப்போது கட்ட வேண்டும் என்பதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பத்து மாசப் பயிர். நன்றாகக் காய வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. விலை ஏறும் இறங்கும் கதை ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2010ல் குவிண்டால் 15,000ஐத் தாண்டியது. அதைப் பார்த்து ஊரே மஞ்சள் வைத்தது. 2012ல் 5,000க்கும் கீழே போனது. அப்புறம் பல வருஷம் ஏழுக்கும் எட்டுக்கும் இழுபறி. 2024ல் 20,000 வரைக்கும் போனது. இதில் சம்பாதித்தவர்கள் யார்? மூட்டையைக் குடோனில் போட்டு வைத்துக் காத்திருக்க முடிந்தவர்கள். பத்து ஏக்கர் பண்ணையம், கூடவே ரெண்டு லாரி அல்லது பத்துத் தறி இருக்கிறவர்கள். இரண்டேகால் ஏக்கர்காரர் வரத்து உச்சத்தில் இருக்கும்போதே விற்றாக வேண்டும். வைகாசிக்குள் சங்கத்துக்குக் கட்ட வேண்டுமே! கெடு தேதி அவரைப் பிடித்துத் தள்ளி, விலை குறைவான நாளில் ஏலக் களத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. சின்ன வெங்காயத்துக்கு இன்னும் மோசம், பட்டறை போட்டுச் சேமித்தாலும் சில மாசம்தான் தாங்கும்.

இதற்கு மருந்து ஏற்கெனவே ஈரோட்டிலேயே இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அந்தப் பணம் நேரே சங்கக் கடனை அடைக்கட்டும், சரக்கு குடோனில் இருக்கட்டும், விலை வரும்போது விற்கட்டும். ரெண்டு அலுவலகமும் ஒரே மாவட்டத்தில், ஒரே அரசாங்கத்தின் கீழ். ஆனால் ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குத் தெரியாது. சித்தப்பா பொருளீட்டுக் கடன் பற்றிக் கேள்விப்பட்டதே என் வாயால்தான். கேட்டுவிட்டு, "வாடகை வண்டி வெச்சு ஈரோட்டுக்குக் கொண்டுபோய் எறக்கி, அங்க எடம் இல்லைன்னா திருப்பிக் கொண்டாரவா கண்ணு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தள்ளுபடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2006, 2016, 2021 என்று தேர்தலை ஒட்டியே வந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 5ஆம் தேதி அறிவித்தது 12,110 கோடி, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. ஜனவரி 31 அன்று பாக்கி இருந்தவர்களுக்கு மட்டும். அந்தத் தை மாசம் கெடு என்று நகையை வைத்துக் கட்டியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டாமல் இருந்தார், தள்ளுபடி ஆனது. இவர்கள் நகைக்கு வட்டி கட்டிக்கொண்டு இருந்தார்கள். "நாணயமா இருந்ததுக்குத் தண்டம்" என்று ஒரு அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வறட்சியிலும் வெள்ளத்திலும் அது வேண்டும். ஆனால் தேர்தலை நம்பி வெள்ளாமை வைக்க முடியாது. தவிர, ரெண்டு வட்டிக்கு வாங்கியது இந்தத் தள்ளுபடி எதிலும் சேரவில்லை.

அந்த ரெண்டு வட்டி எதற்கு வாங்கியது என்று பார்த்தால் பாதிக்குப் பாதி போர்வெல் போடத்தான். ஆயிரம் அடி ஓட்டினாலும் புழுதி பறக்கிற காடுகள் நம் பக்கம் எத்தனை! திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறது, நமக்குத்தான் ராசியில்லை. பயிர்க்கடனில் போர் போட முடியாது. நீண்டகாலக் கடன் கேட்டால் நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்ட வட்டாரம் என்றால் புதுக் கிணற்றுக்கே கடன் கிடையாது. அந்த விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தென்னை கண்ணெதிரே காயும்போது நியாயம் பேசிக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள், பங்காளியிடம் போய்ப் புரோ நோட்டு எழுதிக் கொடுப்பார்கள். தண்ணீர் வராத போருக்கு வாங்கிய கடன்தான் இந்த ஊரில் குடும்பங்களைச் சாய்த்திருக்கிறது. அதை எந்தக் கடன் கணக்கெடுப்பும் 'விவசாயக் கடன்' என்று முழுசாகப் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான். 2019ல் ஒன்றிய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் 65 சதவீதத்துக்குக் கடன், சராசரி ஒரு லட்சத்து ஆறாயிரம் சொச்சம் என்று வந்தது. கைமாற்றும் சீட்டுப் பாக்கியும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும்?

இதெல்லாம் பட்டா உள்ளவர்கள் கதை. குத்தகைக்கு ஓட்டுகிறவர் பாடு தனி. காளிங்கராயன் பாசனத்தில் எத்தனையோ வயல் வாய்ப்பேச்சுக் குத்தகையில்தான் ஓடுகிறது. நிலத்துக்காரர் கோயமுத்தூரில் இருந்துகொண்டு நிலம், பயிர்ப் பதிவான சிட்டா அடங்கலைக் காட்டிப் பயிர்க்கடன் எடுத்துக்கொள்வார். வருஷம் 6,000 வருகிற பிரதமர் உதவித்தொகையும் அவர் கணக்குக்குத்தான். சேற்றில் இறங்குகிறவருக்கு மூணு வட்டி. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் அடுத்த வருஷம் நிலமே கிடையாது. பாட்டன் பெயரிலேயே பட்டா கிடக்கிற வீடுகளும் இப்படித்தான். நாலு பங்காளியும் கையெழுத்துப் போட ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்தால் உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் வைத்து மாடு மேய்க்கிறவர் அடங்கலில் என்ன பயிர் என்று எழுதச் சொல்வார்? கொழுக்கட்டைப் புல்லுக்கு எவ்வளவு கொடுப்பார்கள்?

2025 மே மாசம் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில், அதாவது பழைய கடனை எப்படிக் கட்டினார் என்கிற மதிப்பெண், பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது விவசாயச் சங்கங்கள் கொதித்தன. மதிப்பெண்ணைக் காரணம் காட்டிக் கடன் மறுக்க மாட்டோம் என்று அரசு விளக்கம் சொன்னது. நல்லதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது வேறு ஒன்றுக்காக. அப்படியே பார்த்திருந்தாலும் சங்கத்துக் கடனைப் பொறுத்தவரை சித்தப்பாவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருக்காது. அவர் கட்டத் தவறியதே இல்லையே!

என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் கேட்பது சின்ன விஷயம். மஞ்சள் மாதிரி வைத்து விற்கக்கூடிய சரக்குக்குக் கெடுவை இன்னும் ஆறு மாசம் தள்ளுங்கள், சரக்கு குடோனில் இருப்பதற்கு ரசீது காட்டினால் போதும் என்று வையுங்கள். அசலில் கொஞ்சம் கட்டினால் மிச்சத்தைப் புதுக் கடனாக ஏட்டிலேயே மாற்றிக் கொடுங்கள், பணத்தைக் கொண்டுவந்து காட்டி எடுத்துப் போகிற நாடகம் வேண்டாம். ஒன்றிய அரசின் வட்டிச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் கிடையாது என்பது டெல்லி விதி. அது மாறுகிற வரைக்கும் அந்த ஆறு மாசத்துக்கு மாநிலம் ஏற்கட்டும், இல்லை விவசாயியே கட்டட்டும். ஒன்றரை லட்சத்துக்கு 7 சதவீத வட்டி ஆறு மாசத்துக்கு 5,250 ரூபாய். குவிண்டாலுக்கு ஆயிரம் கூடினாலே, ஆறு குவிண்டாலில் அந்தக் காசு வந்துவிடும்.

'தேதியைத் தள்ளினால் அப்பவும் கட்ட மாட்டார்கள்' என்று ஒரு வங்கி நண்பர் சொன்னார். கட்டாதவர்களும் இருப்பார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு சதவீதம் வட்டிக்கு வாங்கி வந்தாவது சங்கக் கெடுவைத் தவற விடக்கூடாது என்று நினைக்கிற ஆளைப் பார்த்து இவன் ஏமாற்றுவான் என்று பயப்படுவது, அந்த நண்பரே யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் அதிகம்.