திங்கட்கிழமையும் ஓட வேண்டிய வண்டி

செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்யூவி வாங்கி, அதைக் கரடுமுரடான பாதைகளுக்குத் தயார் பண்ண நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம்?" (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் பாடியை உயர்த்துவதுதான் லிஃப்ட்.) டயரைப் பற்றிக் கேட்பதில்லை, பிரேக்கைப் பற்றிக் கேட்பதில்லை, அடியில் துரு பிடித்திருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் வண்டி உயரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதில் என் கட்சி வேறு. வாரம் முழுக்க வேலைக்கு ஓடிவிட்டு, விடுமுறையில் மட்டும் காட்டுப் பாதையில் இறங்கும் வண்டிக்கு, போட்டோவில் தெரியாத வேலைகள்தான் உருப்படியான வேலைகள். பார்த்ததும் தெரிகிற மாற்றங்களில் பாதி, திங்கட்கிழமை காலையில் உங்களையே தொந்தரவு செய்யும். பாதைக்கென்றே தனியாக ஒரு வண்டி வைத்து, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். அவர்கள் வண்டி உடைந்தால் பொழுதுபோக்கு நிற்கும். நம் வண்டி உடைந்தால் மறுநாள் பிழைப்பு நிற்கும்.

முதல் செலவு, அந்த வண்டி புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதற்கே போக வேண்டும். ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் பால் ஜாயின்ட்டோ (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) வீல் பேரிங்கோ போயிருக்கிறது. இடமும் வலமும் ஆட்டினால் டை ராடு எண்டின் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) லட்சணம் தெரிந்துவிடும். சிவி ஜாயின்ட்டின் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு) ரப்பர் உறையை (பூட்) மடிப்பு மடிப்பாக விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால் ஏற்கெனவே கிழிந்துவிட்டது. டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, "ஹைவேயில் மட்டும்தான் ஓட்டினேன்" என்று விற்றவர் சத்தியமே செய்திருந்தாலும் சரி. சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் வர வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் பொத்தென்று கேட்கும்.

இதையெல்லாம் சரி செய்யாமல் மேலே எதைப் பூட்டினாலும், தேய்ந்த பாகத்தின் மேல் கூடுதல் சுமைதான் ஏறுகிறது. பழைய புஷ்களை (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் துண்டுகள்) மாற்றி, ஷாக் அப்சார்பர் நான்கையும் புதிதாகப் போட்டாலே "இதே வண்டியா?" என்று தோன்றும்.

அடுத்தது டயர். பாதையைத் தொடுகிற ஒரே பாகம் அதுதான், ஆகவே காசு அங்கே போகட்டும். தினசரி ஓட்டத்துக்கு மட் டெரெய்ன் (சேற்றுக்கான) டயர் வேண்டாம் என்பது என் பிடிவாதம். சேற்றில் அது ராஜா. ஆனால் தார்ச்சாலையில் ஊளையிடும், ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் பெரும்பாலும் கூடும், சீக்கிரம் தேயும். சாலைக்கும் பாதைக்கும் பொதுவான நல்ல ஆல் டெரெய்ன் டயர், அதுவும் பக்கச்சுவர் கெட்டியான ரகம், நம் தேவையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். அளவிலும் பேராசை கூடாது. 265/70R17 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் விட்டம் இன்ச்சில்) இருந்த இடத்தில் 285/70R17 போட்டால் டயரின் விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர் கூடுகிறது. வண்டி உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீட்டர். அதற்கு விலையாக மீட்டர் முன்பு காட்டியதைவிட சுமார் 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும், இழுவை மந்தமாகும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்பக்க ஃபெண்டரில் உரசவும் கூடும். ஸ்டெப்னியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய டயர் அடியில் உள்ள அந்த இடத்துக்குள் நுழையுமா என்று அளந்து பார்த்தீர்களா? எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால், நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிப்பது) நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

டயருக்குள் இருக்கும் காற்றைக் குறைப்பது எந்த மாடிஃபிகேஷனையும்விட மலிவு. சாலையில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டுகிற டயரை, பாதை தொடங்கும் இடத்தில் 20 வரை இறக்கிவிட்டு அதே பாறை மேல் ஏறிப் பாருங்கள். 35இல் டயர் கல்லின் முனையில் துள்ளும், பின்சக்கரம் சுழன்று கற்களை வாரியடிக்கும். 20இல் கீழ்ப்பக்கம் லேசாகப் பிதுங்கி, அந்த முனையைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறும். டயர் தரையில் படும் இடம் முக்கியமாக நீளவாக்கில் கூடுகிறது, பிடிப்பு அதனால்தான். மணலில் இன்னும் இறக்கலாம். ஆனால் சாதாரண ரிம்மில் 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் அபாயம் கூடிக்கொண்டே போகும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பாமல் வேகமெடுக்கவே கூடாது. பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஆக ஒரு நல்ல கேஜ், பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர், பஞ்சர் பிளக் செட் மூன்றும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் கூரையில் லைட் பார் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். 80 சீரிஸ் லேண்ட் குரூசர், ஜிம்னி போல முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டிகளில் எத்தனை இன்ச் லிஃப்ட் போட்டாலும் ஆக்சில் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. அதைத் தூக்குவது டயர் மட்டுமே. லிஃப்ட் தூக்குவது பாடியை. அதனால் ஏறும்போது பம்பர் இடிக்காது, மேட்டின் உச்சியில் வயிறு தட்டாது. இது உண்மையான நன்மைதான், மறுக்கவில்லை. இப்போதைய எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்). அங்கே தூக்கத் தூக்க சிவி ஜாயின்ட் சாய்ந்த கோணத்திலேயே சுழல வேண்டியிருக்கும், பூட் சீக்கிரம் கிழியும். ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைந்து, ஹைவேயில் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். அதைச் சரிக்கட்ட வேறு அப்பர் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் கை), மறுபடி அலைன்மென்ட், ஹெட்லைட்டைக் கீழே இறக்குவது (இதைச் செய்யாதவர்கள்தான் எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்குகிறார்கள்), முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டியென்றால் அதற்கும் கேலிப்ரேஷன். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டும். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் ஒரு ஸ்பேசரை (இடைத்துண்டு) வைத்து முடித்துவிடும் மலிவு வேலை இன்னும் மோசம். சக்கரம் கீழே இறங்கும் தூரம் கூடுவதில்லை, ஜாயின்ட்டுகள் மட்டும் எல்லை வரை இழுபடும்.

தினசரி வண்டிக்கு 2 இன்ச்சுக்குள், அதுவும் சுமைக்கேற்ற நல்ல ஸ்பிரிங், ஷாக் சேர்த்துப் போட்டால் போதும். அதற்கு மேல் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்கிங்கில் ஜெயிக்கிறார்கள்.

லாடர் ஃபிரேம் (ஏணி வடிவ அடிச்சட்டம்) இல்லாத வண்டியை ஆஃப்ரோடு வண்டி என்றே ஒப்புக்கொள்ளாத ஒரு கூட்டமும் இருக்கிறது. 1984 மாடலாக வந்த ஜீப் செரோக்கி யூனிபாடிதான் (பாடியும் சட்டமும் ஒன்றே). அது போகாத பாதையா? நான் கேட்பது லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்பதை. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் எஞ்சின் பிடிமானத்தில் ஊர்ந்து இறங்கும் வசதியைப் பின்னால் யாரும் காசு கொடுத்துச் சேர்க்க முடியாது; வாங்கும்போதே பார்க்க வேண்டும். இரு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் லாக்கர் நல்லதுதான், ஆனால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (வழுக்கிச் சுழலும் சக்கரத்தைப் பிரேக் போட்டு அடக்குவது) ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் அவசரப்பட வேண்டியதில்லை.

இனி கண்ணுக்குத் தெரியாத வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது. டிஃபரன்ஷியல்களுக்கு மேலே மூச்சுக்குழாய் மாதிரி ஒரு சின்ன பிரீதர் இருக்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் சடாரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே இழுக்கும். சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். கொஞ்சம் ரப்பர் குழாயும் கிளாம்ப்பும் இருந்தால் அதை எஞ்சின் பே வரை நீட்டிவிடலாம். ஒரு மதிய நேர வேலை. ஸ்னார்க்கலுக்கு (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) முன்னால் இதைச் செய்யுங்கள். ஸ்னார்க்கல் எஞ்சினை மட்டும் காப்பாற்றும். (அதற்கும் ஏர் பாக்ஸ் வரை எல்லா இணைப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.)

மாட்டிக்கொண்டால் இழுத்து மீட்கும் சாமான்கள் விஷயத்தில் விளையாட்டே கூடாது. வண்டியைக் கப்பலிலும் லாரியிலும் கட்டி அனுப்புவதற்காகக் கம்பெனி வைத்த வளையம் வேறு, இழுப்பதற்கென்று சேசிஸில் போல்ட் செய்த கொக்கி வேறு. டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) கயிற்றை மாட்டி வெட்டி இழுக்காதீர்கள். அது முறிந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. கைனடிக் கயிறு தன் நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, சேர்த்துவைத்த விசையில் வண்டியைப் பிடுங்கி எடுக்கும். வின்ச்சுக்கும் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மோட்டார் கருவி) மரத்தைச் சுற்றவும் நீளாத பட்டைதான் வேண்டும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. தனியாகப் போகிறவருக்கு இந்தச் சாமான்களில் பாதி வீண். அவருக்கு ஒரு மண்வெட்டியும் டிராக்‌ஷன் போர்டும் (சக்கரத்துக்கு அடியில் போடும் பலகை) போதும். இன்னொரு வண்டியோடு போவதே எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு.

எடைக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஒரு வண்டியின் பேலோடு (ஏற்றக்கூடிய மொத்தச் சுமை) 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 75 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 375 போயிற்று, மிச்சம் 175. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்த்து ஒரு 90, ராக் ஸ்லைடர் (கதவுக்குக் கீழே பக்கவாட்டைக் காக்கும் இரும்புக் கம்பி) 45, அடியில் ஸ்கிட் பிளேட் (காப்புத் தகடு) 40. முடிந்தது. ஒரு பைகூட இன்னும் ஏற்றவில்லை. கூரையில் டென்ட் வேறு போட்டால் சாய்வான பாதையில் வண்டி எப்போது கவிழும் என்று வயிற்றைக் கலக்கும். என்னைக் கேட்டால் இதில் ஸ்கிட் பிளேட்டும் ஸ்லைடரும் மட்டும் வைத்துக்கொள்வேன். புதிதாக வரும் பல வண்டிகளில் எஞ்சின் அடியில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்; ஒரு கூரான கல் சம்ப்பைக் (எஞ்சின் ஆயில் தொட்டி) கிழித்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. ஸ்லைடர் என்றால் சேசிஸோடு சேர்ந்தது, வண்டியின் முழு எடையையும் தாங்குவது. காலை வைத்து ஏறும் பளபளப்பான படி அந்த வேலைக்கு உதவாது, கல்லில் மோதினால் மடங்கிக் கதவையும் நசுக்கும்.

அப்புறம், திரும்பி வந்த இரவே ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மறுநாள் ஹைவேயில் ஸ்டியரிங் உதறினால், "வீல் பேலன்சிங் போச்சு" என்று கடைக்கு ஓடுவதற்கு முன் ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். காய்ந்த சேறு ஒரு பக்கமாக அப்பிக்கொண்டிருக்கும். சுரண்டி எடுத்தால் உதறல் போய்விடும். சக்கரத்திலிருந்து கிறீச்சென்று காதைக் கிழிக்கும் சத்தம் வந்தால் பல நேரம் பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே ஒரு பொடிக்கல் சிக்கியிருக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலே சில சமயம் விழுந்துவிடும். சேசிஸின் ஓட்டைகளுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி, வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை விட வேண்டும். உள்ளே தங்கும் ஈரச் சேறுதான் துருவுக்குத் தொட்டில். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒரு சுற்று சரிபார்த்துவிடுங்கள்.

டயர் அளவு கேட்டு எழுதுகிறவர்கள் மாடல், வருடத்தோடு ஸ்டெப்னி இருக்கும் இடத்தின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். லிஃப்ட் எத்தனை இன்ச் என்று மட்டும் கேட்பவர்களுக்குப் பதில் மேலேயே இருக்கிறது.