ஏழாம் நம்பர் அட்டெண்டர்

“ஐயா, தொண்டையில சளி சேர்ந்திருக்கு. இப்ப எடுக்கப் போறேன். கொஞ்சம் இருமல் வரும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிச்சிடுறேன்.”

சொல்லிவிட்டு அந்த ஐசியு (தீவிர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர் இரண்டு நொடி சும்மா நின்றார், அப்பா பதில் சொல்வார் என்பதுபோல. பதில் வர வழியே இல்லை. வாயில் ட்யூப், உடம்பில் மயக்க மருந்து, மார்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது வென்டிலேட்டர். அவர் கண் திறக்காமல் ஆறு நாளாகியிருந்தது. பிறகு சக்‌ஷன் குழாயை உள்ளே விட்டு, “ஒண்ணு... ரெண்டு... மூணு...” என்று நிதானமாக எண்ணினார். எட்டில் முடிந்துவிட்டது.

“அவருக்குத்தான் கேட்காதே சிஸ்டர்” என்றேன்.

“கேட்காதுன்னு யார் சார் சொன்னது?”

கோபமாகக் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மயக்க மருந்தின் ஆழம் ஒரே அளவில் இருப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆழம் குறையும் நேரங்களில் குரல் காதில் விழும், தொடுவது தெரியும், அர்த்தம் மட்டும் பிடிபடாது. இருட்டில் யாரோ தொண்டைக்குள் எதையோ விடுகிறார்கள். ஏன் என்று தெரியாத மூளை, தானே ஒரு கதை கட்டிக்கொள்ளும். டெலிரியம் என்கிறார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் வரை இதற்கு ஆளாவதாகக் கண்ட ஆய்வுகள் உண்டு. அப்பாவின் கதையில் அவர் ஒரு கப்பலின் அடித்தளத்தில் கிடந்தார், கைகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். (கை கட்டியிருந்தது நிஜம். ட்யூபைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மணிக்கட்டில் துணிப்பட்டை போட்டிருந்தார்கள்.) அந்தக் கப்பலில் ஒரு பெண் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தாளாம். அவள் பத்துக்கு வருவதற்குள் வலி நின்றுவிடுமாம்.

இதை எழுதுவது அந்த சிஸ்டரைத் தேவதை என்று சொல்ல அல்ல. நர்ஸ்கள் தினமான மே 12 வந்தால் வாழ்த்து அட்டைகளில் நிறைய தேவதைகளைப் பார்க்கிறோம். எனக்கு அந்தச் சொல்லே ஒவ்வாமையாகிவிட்டது. கனிவு பிறவிக் குணம் என்று வைத்துக்கொண்டால், முகம் சுளித்த நர்ஸ் கெட்டவர், சிரித்த நர்ஸ் நல்லவர் என்று கணக்கு முடிந்துவிடும். மருத்துவமனை நிர்வாகம் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் 19 நாள் பார்த்தது குணத்தை அல்ல, வேலையை. கற்றுக்கொண்டு, நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு ஷிப்டிலும் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை.

வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத நோயாளியிடம் வலியை எப்படி அளப்பது? அதற்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. முகம் எப்படிச் சுருங்குகிறது, உடம்பு எப்படி அசைகிறது, தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா முட்டி மோதுகிறாரா. நான்குக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 8. அப்பாவைப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த சிஸ்டர் இதைக் குறித்துக்கொள்வார். எண் ஏறியிருந்தால் டாக்டரிடம் பேசுவார். தள்ளி நின்று பார்த்தால் ஏதோ ஃபார்ம் நிரப்புகிறார் என்றுதான் தோன்றும்.

அப்பாவின் கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். “முழிப்பு வர்றப்ப எல்லாமே மங்கலாத் தெரிஞ்சா பயந்துபோயிடுவார் சார்.” இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இரவில் அந்தப் பக்கத்து விளக்கை அணைப்பார், அலாரம் அடித்தால் ஓடிவந்து நிறுத்துவார். நோயாளியருகே எழும் வீண் சத்தத்தைத் திட்டி, நவீன நர்ஸிங்கின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே ஓர் அத்தியாயம் எழுதிவிட்டார். மானிட்டர் என்ற ஒன்றே இல்லாத காலம் அது!

இனி கதவுக்கு வெளியே.

“ஏழாம் நம்பர் அட்டெண்டர்” என்று, ஏழாம் படுக்கை நோயாளியின் வீட்டாரான எங்களை மைக்கில் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிடும். மருந்துச் சீட்டு வாங்கவும் அதே அழைப்பு, உயிர் போனாலும் அதே அழைப்பு. அந்த சிஸ்டர் டியூட்டியில் இருந்தால் கதவுவரை அவரே வருவார். முதல் வாக்கியம் எப்போதும், “பயப்பட ஒண்ணுமில்லம்மா, ஒரு கையெழுத்து வேணும்.” கையெழுத்தைப் பிறகு சொன்னால் போதும், பயப்பட வேண்டாம் என்பது முதலில் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போனால் அம்மா அப்பாவைத் தொடவே அஞ்சுவார், ஏதாவது ஒயர் கழன்றுவிடுமோ என்று. “இந்தக் கையில ஊசி இல்லம்மா, இதப் பிடிச்சுக்கங்க” என்று எடுத்துக் கொடுத்தார். ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார். கையில் ஒரு வேலை வந்ததும் அம்மா அழுகையை நிறுத்தினார்.

குடும்பத்தோடு பேசுவது பற்றி 2007இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். 22 ஐசியுக்கள், மரணத் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்கள். ஒரு பாதியினரிடம் வழக்கம்போலப் பேசினார்கள். மறுபாதியினரிடம் முறையாகப் பேசினார்கள்: அவர்கள் சொல்வதைக் கேட்பது, உணர்ச்சியை ஏற்றுக்கொள்வது, கேள்வி கேட்க விடுவது. கூடவே ஒரு சிறு பிரசுரமும் கொடுத்தார்கள். முதல் வகைச் சந்திப்பு சுமார் 20 நிமிடம், இரண்டாவது 30. என்னை உலுக்கியது வேறோர் எண். அதற்குள் குடும்பத்தினர் பேசிய நேரம் முதல் வகையில் 5 நிமிடம், இரண்டாவதில் 14. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டாம் பிரிவினரிடம் மன அதிர்ச்சியின் தடயங்கள் குறைவாக இருந்தன.

கனிவாகத் தெரிவதெல்லாம் பலன் தருவதும் இல்லை. அதே நாட்டில், ஐசியுவில் இறந்தவர்களின் வீட்டுக்கு இரங்கல் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். துக்கம் குறையவில்லை. ஆறு மாதம் கழித்துக் கடிதம் பெற்றவர்களிடம்தான் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. பிரேசிலில் 36 ஐசியுக்களில் குடும்பத்தினரை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை உள்ளே இருக்க விட்டுப் பார்த்தார்கள். டெலிரியம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது நடக்கவில்லை. ஆனால் உறவினர்களின் பதற்றமும் சோர்வும் குறைந்தன, தொற்றும் கூடவில்லை. 2019இல் வந்த முடிவு இது. “இன்ஃபெக்‌ஷன் வந்துடும், வெளிய நில்லுங்க” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

பதினான்காம் நாள் இரவைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். அன்று அதே சிஸ்டர், கதவருகே நின்ற அம்மாவைப் பார்த்து, “எத்தனை தடவை சொல்றது, வெளிய போங்க!” என்று கத்தினார். அம்மா கூனிக்குறுகிப் போனார். நான் புகார் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்த இரவில் அவர் கையில் நான்கு நோயாளிகள், அவர்களில் ஒருவருக்கு இதயம் நின்று, மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் நெறிமுறைப்படி வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்குக் குறைந்தது ஒரு நர்ஸ். இங்கே நான்கு. பத்து வரை எண்ண எந்தக் கையில் நேரம் இருக்கும்? அம்மாவுக்குப் பட்ட காயம் அதனால் ஆறிவிடாது. ஆனால் புகாரை யார்மேல் எழுதுவது என்பது மாறிவிட்டது.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது வென்டிலேட்டர் போதவில்லை. சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, நோயாளிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையால் பையை அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். இன்றைய ஐசியு அதிலிருந்து வளர்ந்ததுதான். ஒரு படுக்கைக்கு ஓர் ஆள் என்பது அன்று சலுகையாக இருக்கவில்லை, அதுவே சிகிச்சையாக இருந்தது.

ஒரு நோட்டுப் புத்தகம் பற்றியும் சொல்ல வேண்டும். “தினம் என்ன நடந்துச்சுன்னு எழுதி வைங்கம்மா, பின்னாடி அவர் கேட்பார்” என்று அந்த சிஸ்டர் மூன்றாம் நாளே சொல்லியிருந்தார். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1980களிலிருந்து நர்ஸ்களே இப்படி எழுதிவருகிறார்கள். இதனால் பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது, இல்லை என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது. அம்மா எழுதினார். ஓரத்தில் சில நாள் சிஸ்டரும் ஓரிரு வரி சேர்த்தார். “இன்று கண் இமை அசைந்தது.” “இன்று பக்கம் திருப்பும்போது வலி குறைவு.”

வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. அம்மா இன்னும் செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். அப்பா தினமும் அந்த நோட்டைப் புரட்டுகிறார், தொலைந்துபோன நாட்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதுபோல. நேற்று ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். தேதி மட்டும் இருந்தது. கீழே அம்மாவின் எழுத்தும் இல்லை, சிஸ்டரின் எழுத்தும் இல்லை.

“பதினாலாம் நாள் என்னடா ஆச்சு?” என்று கேட்டார்.