சிமுலேட்டர் தயாரிப்பாளர்களே, நான் போடும் ஆறு சிறு கோடுகளை ஏன் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அழிக்கிறீர்கள்?

நேற்றிரவும் அதுவேதான் நடந்தது. நாங்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டருக்குப் புதுப்பிப்பு வந்தது, ஆட்டத்தை நடத்துவதற்கென்றே ஓடும் எங்கள் டெடிகேட்டட் சர்வர் தானாகவே அதை இறக்கிக்கொண்டு மறுபடி எழுந்தது, மிஷன்களின் ஸ்கிரிப்டுகளுக்கு என்னென்ன அனுமதி என்று சொல்லும் மிஷன்ஸ்கிரிப்டிங் கோப்பு சொல்லாமல் கொள்ளாமல் பழையபடி ஆனது. சர்வர் நடத்துகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

காம்பெய்ன், அதாவது வாரா வாரம் தொடரும் போர் என்றால், போன வாரம் தகர்த்த இலக்கு இந்த வாரமும் தகர்ந்தே இருக்க வேண்டும். அதற்கு மிஷனுக்குள் ஓடும் லுவா மொழி ஸ்கிரிப்ட் களத்தின் நிலவரத்தைக் கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை மிஷன் தொடங்கும்போது படித்தாக வேண்டும். அந்த எழுதலையும் படித்தலையும் தடுக்கும் வரிகள், கணினியையும் கோப்புகளையும் தொடவிடும் லுவா தொகுதிகளான ஓஎஸ், ஐஓ, எல்எஃப்எஸ் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொன்றாக, அந்தக் கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியின் முன்னாலும் இரண்டு சிறு கோடுகள் போட்டால் லுவா அந்த வரியைக் கண்டுகொள்ளாது, பூட்டு திறந்துவிடும். எவரோ எழுதிய மிஷன் நம் கணினியில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் என் சர்வரில், நானே எழுதிய மிஷனுக்காக, தெரிந்தே நான் திறந்த பூட்டை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மீண்டும் பூட்ட இந்தத் தயாரிப்பாளர்கள் யார்?

எங்கள் காம்பெய்ன் ஜார்ஜியா நாட்டில் நடக்கிறது. பத்தூமியிலிருந்து புறப்பட்டு குத்தாய்சியை நெருங்குவதற்கே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின, ஏனென்றால் அந்த நகரத்தை எஸ்ஏ-6 என்ற விமான எதிர்ப்பு ஏவுகணைத் தொகுதி காத்து நின்றது. அதன் ஏவுவண்டிகள் எல்லாவற்றுக்கும் கண் ஒரே ஒரு ரேடார் வண்டிதான். போன வாரம் இரண்டு விமானங்களை இழந்த பிறகு, மூன்றாமவன் விட்ட, ரேடார் அலையைத் தேடிப் போய்த் தாக்கும் ஹார்ம் ஏவுகணை அந்த ரேடாரை முடித்தது. ஆகவே நேற்று நான்கு ஹார்னெட் போர் விமானங்களும் ஹார்ம் இல்லாமல் குண்டுகளை மட்டும் சுமந்துகொண்டு கிளம்பின. குத்தாய்சிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது எங்களில் இளையவன், "அண்ணா, எச்சரிக்கைக் கருவியில் 6 என்று காட்டுகிறதே" என்றான். "அதைப் போன வாரமே முடித்தாயிற்று, நேராகப் போ" என்றேன். அவன் போனான். பீப் ஒலி மாறியது, ஏவுகணை கிளம்பிவிட்டதைச் சொல்லும் விளக்கு எரிந்தது, திரும்பக்கூட நேரமில்லாமல் அவன் விழுந்தான், அவனுக்குப் பின்னால் வந்தவனும் விழுந்தான். எதிரி நிலைகளை வரைபடத்தில் மறைத்தே வைத்திருப்பதால் ரேடார் உயிர்த்தெழுந்ததைக் கண்டுகொள்ள எவருக்கும் வழியில்லை. என் சொல்லை நம்பித்தான் அந்தப் பிள்ளை போனான் என்பதை இன்னும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

சர்வரோ மிஷன் நன்றாக ஓடுகிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் லாக் கோப்பைத் துழாவிய பிறகு, எல்எஃப்எஸ் 'nil', அதாவது இல்லை என்று ஒரே ஒரு வரி அகப்பட்டது. நான்கு வாரக் கணக்கும் சேமித்த கோப்பில் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் ஸ்கிரிப்டுக்கு அனுமதியில்லை.

புதுப்பிக்காமல் இருந்துவிடவும் முடியாது, விளையாட வருகிறவர்களின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் ஒன்றாக இருந்தால்தான் அவர்கள் உள்ளேயே வர முடியும். புதுப்பிப்புக்குப் பிறகு கோப்பைத் திருத்த ஒரு பேட்ச் ஸ்கிரிப்ட் எழுதிக்கொள் என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்: சர்வரின் பெயர், கடவுச்சொல், மிஷன் பட்டியல் எல்லாம் சேவ்ட் கேம்ஸ் கோப்புறையில் இருக்கின்றன, எந்தப் புதுப்பிப்பும் அவற்றைத் தொடுவதில்லை, இந்த மூன்று வரிகளுக்கும் அதே இடத்தில் ஓர் அமைப்பு கொடுப்பதில் என்ன கஷ்டம்? அதுவும் இயலாதென்றால், கோப்பை மாற்றிவிட்டோம் என்று ஒரு வரி அறிவிப்பாவது தர வேண்டாமா? வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லி அனுமதி வாங்கி, இந்த மூன்று மணி நேரத்துக்காக வருகிற மனிதர்கள் இவர்கள்.

கோடுகளைப் போட்டு முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் மிஷனை மறுபடி ஏற்றினேன். சேமித்த கோப்பு திறந்தது, குத்தாய்சியில் ரேடார் இல்லை. அதற்குள் ஏழு பேரில் ஐந்து பேர் படுக்கப் போய்விட்டார்கள்.