ஜெசிக்காவைத் தோற்கடித்தது நடுவர்களா?

"2015 சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதியில் ஈழத்துப் பிள்ளை என்பதால் நடுவர்கள் ஜெசிக்காவை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார்கள்" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அது சரியில்லை. விஜய் டிவியின் அந்தப் பாட்டுப் போட்டியில் இறுதி முடிவு மக்கள் வாக்கில் வந்தது. முதலிடம் பெற்ற ஸ்பூர்த்திக்கு வாக்கு அதிகம், அவ்வளவுதான். கொழும்பில் தமிழர் நிறைய வாழும் வெள்ளவத்தையில் எத்தனை வீடுகளில் அன்று முகம் வாடியது என்பது எனக்கும் தெரியும். அதற்காக நடுவர்களைத் திட்டுவது நியாயமா?

இந்த மாதிரிப் போட்டிகளில் நடுவர்களின் பிடி பெரும்பாலும் ஆரம்பச் சுற்றுகளில்தான். அமெரிக்கன் ஐடல் என்ற பாட்டுப் போட்டியில் வாக்கு குறைந்த ஒருவரைக் காப்பாற்றும் உரிமையே நடுவர்களுக்கு 2009இல்தான் கிடைத்தது.

அப்புறம், "டிவியில் கேட்டாலே யார் நன்றாகப் பாடினார் என்று தெரியுமே" என்கிறீர்கள். நடுவர் கேட்பது மேடையில் வரும் குரலை. நமக்கு வருவது ஒலிக்கலவை முடிந்த குரல். 2010இல் பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் பாட்டுப் போட்டி, தேர்வுச் சுற்றுப் பாடல்களில் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டது. சுருதி விலகியதா, சங்கதி (பாடல் வரியில் வரும் நுணுக்கமான சுர அசைவு) முழுதாக விழுந்ததா என்பதையெல்லாம் அப்படித் திருத்திய ஒலியில் எப்படிப் பிடிப்பது?

நடுவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. அழுகைக் கதைக்கு எழுந்து நின்று கைதட்டுவது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இந்த முடிவு அவர்கள் கையில் இருக்கவில்லை. பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணா, பலர் பகிர்கிறார்கள்.