என்ன ஸ்டீல் என்று கேட்ட தம்பிக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நான்கு நாட்களாக மனதுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதித் தொலைப்பது நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

நம் கத்தி ஆர்வலர் குழுவின் கூடுகைக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். மேசை நிறையக் கத்திகள். எடுப்பதும் திறப்பதும் மடக்குவதும் அந்த 'டக்' சத்தமுமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தம்பி (பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்) என் அப்பாவின் பேனாக்கத்தியைக் கையில் எடுத்தான். "என்ன ஸ்டீல்ணா?" என்றான். தெரியாது, பழைய கார்பன் ஸ்டீல், முத்திரை தேய்ந்துவிட்டது என்றேன். "ஓ" என்று சொல்லிக் கீழே வைத்தான். அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம், எனக்கும் கேட்கும்படியாகவே, "இந்தக் காலத்துல எம்390கூட இல்லாத பேனாக்கத்தியெல்லாம் ஷோகேஸுக்குத்தான்" என்றான். (எம்390 என்பது இன்றைக்கு ஆர்வலர்கள் கொண்டாடும் ஒரு உயர்ரக ஸ்டீல்.) நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

ஷோகேஸுக்காம். கத்தியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பழைய பாணிக் கத்திக்கு உயர்ரக ஸ்டீல் தேவையில்லை. இருந்தால் தப்பா என்று கேட்டால், தப்பில்லை. தேவையா என்று கேட்டால், இல்லை. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் புரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

ஒப்பினெல் என்ற மடக்குக்கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1890இல் பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கியது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955இல் திருகிப் பூட்டும் வளையம் சேர்ந்தது. அதன் கார்பன் ஸ்டீலில் கார்பன் ஏறக்குறைய 0.9 சதவீதம், மாயமந்திரம் எதுவும் கிடையாது. அந்தக் கத்தியைக் கையில் வாங்கிய எத்தனை பேர் ஏமாந்து திருப்பிக் கொடுத்தார்கள்? அலகு மெல்லிசாக இருக்கிறது, அதனால் நன்றாக வெட்டுகிறது. அதன் ரகசியம் மொத்தமும் அவ்வளவுதான்.

சுவிஸ் கத்தி இருக்கிறது. 1891இல் ராணுவத்துக்குப் போனது, 1897இல் அதிகாரிகளுக்கான கத்தி வந்தது. அதைச் செய்யும் விக்டோரினாக்ஸின் பெரிய அலகு, ஸ்டீலின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் இன்றைக்கும் 56தான். ஸ்பிரிங் 49. அறுபதுக்குக் கீழே எண்ணைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்கும் நம் ஆட்களின் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள், சிவப்பாக ஒன்று கிடக்கும். பொட்டலம் பிரிக்க எதை எடுக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

பக் 110 கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1960களில் வந்த பூட்டுக்கத்தி, முதலில் 440சி ஸ்டீல். அதில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். பின்னாளில் அந்த நிறுவனம் 420எச்சிக்கு மாறியது. அதில் கார்பன் பாதிகூட இல்லை! காகிதத்தில் பார்த்தால் இறக்கம்தான். ஆனால் பால் பாஸ் என்ற வெப்பப் பதக் கலைஞர் வகுத்த முறையில் பதம் போட்டார்கள், அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கினார்கள். கத்தியின் பேர் கெடவில்லை. 420எச்சியை அச்சில் அடித்து எளிதாகத் துண்டாக்கலாம், சாணையில் எளிதாக வடிவத்துக்குக் கொண்டுவரலாம், வாங்கியவன் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். பதம் சரியாக இருந்தால் சாதாரண ஸ்டீல் நன்றாகவே உழைக்கும். பதம் கெட்டால் எம்390ம் தகரம்தான். உங்கள் கத்தி எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எவனாவது கேட்கிறானா? அலகில் பொறித்த எண்ணைப் படிப்பதோடு நம் உலோகவியல் முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் டைட்டஸ்வில்லில் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்று ஒரு பட்டறை, 2006இல் தொடங்கியது. பெரும்பாலும் 1095 கார்பன் ஸ்டீல். நம் தம்பிகள் மூக்கைச் சுளிக்கும் அதே ரகம். அந்தக் கத்திகள் வந்த வேகத்தில் தீர்ந்துபோகின்றன. அடித்துப் பிடித்து வாங்குபவர்கள் யார்? விவரம் தெரியாதவர்களா? முற்றிப்போன கத்திப் பைத்தியங்கள். ஆர்வலனைத் திருப்திப்படுத்த உயர்ரக ஸ்டீல் வேண்டும் என்றால் இவர்களெல்லாம் எந்தக் கணக்கு?

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "ஒரு பக்கமாகவே பேசுகிறார்" என்று வருவார்கள். எம்390இல் கார்பன் 1.9 சதவீதம், குரோமியம் 20, வனேடியம் 4. உருக்கித் தூளாக்கி, அந்தத் தூளை அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். அதனால் உள்ளே இருக்கும் கார்பைடுகள் (தேய்மானத்தைத் தாங்கும் கடினமான துகள்கள்) பொடிப்பொடியாக, சீராகப் பரவி நிற்கின்றன. கூர் நீண்ட நாள் நிற்கும், துருவும் சீக்கிரம் பிடிக்காது. இதில் பொய் எதுவுமில்லை. இத்தாலியின் லயன்ஸ்டீல் நிறுவனம் இதே எம்390இல் பழைய பாணிப் பேனாக்கத்திகள் செய்கிறது, அழகாகவே செய்கிறது. என்னிடமே எம்390இல் ஒரு கத்தி இருக்கிறது. (ஆமாம், இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்தக் கத்தியின் கதையையும் கேளுங்கள். வாங்கிய புதிதில் தலைகால் புரியவில்லை. மாதக்கணக்கில் மழுங்கவே இல்லை. ஒரு நாள் அட்டைப்பெட்டியை அறுக்கும்போது உள்ளே இருந்த ஸ்டேப்பிள் கம்பியில் பட்டு விளிம்பில் கடுகளவு தெறித்துவிட்டது. எண்ணெய்க்கல்லை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். பளபளப்பு வந்தது, பிசிறு (கூர் ஏறியதற்கு அடையாளமாக விளிம்பில் எழும் மெல்லிய உலோக மடிப்பு) எழவில்லை. வனேடியம் கார்பைடு அந்தக் கல்லின் மணலைவிடக் கடினம், கல்தான் தேய்கிறது என்பது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. வைரத்தூள் பதித்த தட்டு வாங்கி, தெறித்த இடத்தைச் சரிசெய்து முடிக்கும்போது எனக்குக் கத்தி ஆசையே விட்டுப்போயிருந்தது. இப்போது அது மழுங்கினால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுகிறேன். இன்றோடு மூன்று மாதம். உயர்ரக ஸ்டீல், மொக்கைக் கத்தி!

அப்பாவின் கத்தியும் ஒருமுறை அதேபோலக் கம்பியில் மோதியது. விளிம்பு மடங்கியது, தெறிக்கவில்லை. தோல் வாரில் நாலு இழுப்பு, முடிந்தது.

மேக்னாகட் ஸ்டீலை வடிவமைத்த லாரின் தாமஸ் பெயரை நம் குழுவில் வேதம்போல் சொல்வார்கள். 2021இல் வந்த ஸ்டீல், நல்ல ஸ்டீல். அவர் செய்த வெட்டுச் சோதனைகளையும் படியுங்கள் ஐயா. கூரின் கோணத்தைக் குறைத்தால் வெட்டும் திறன் எவ்வளவு ஏறுகிறது என்று அவரே காட்டியிருக்கிறார். ஸ்டீல் மட்டும் வெட்டுவதில்லை, வடிவம்தான் பாதி வேலையைச் செய்கிறது. தடித்த அலகில் எந்த ஸ்டீலைப் போட்டாலும் அது மரம் பிளக்கும் ஆப்புதான். பழைய பேனாக்கத்தியின் அலகு காகிதம் மாதிரி இருப்பதைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்.

திறந்து பார்த்தால்தானே.

இனி வரப்போகும் கேள்விகள். "கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும்." துடைத்து வைக்கவும். அடுத்தது. (கடலில் வேலை செய்பவர்கள் என்னை மன்னிக்கவும், உங்களுக்கு வேறு கத்தி வேண்டும்.)

"நாள் முழுக்க அட்டைப்பெட்டி அறுப்பவனுக்கு?" நியாயமான கேள்வி. அட்டை ஸ்டீலைத் தின்னும், எனக்கும் தெரியும். அவருக்கு எம்390 உதவும். ஆனால் நாள் முழுக்க அட்டை அறுப்பவர் எலும்புப்பிடி போட்ட இரட்டை அலகுப் பேனாக்கத்தியோடா வேலைக்குப் போகிறார்? அலகு மாற்றும் கட்டரோடு போகிறார். அவர் பெயரைச் சொல்லி வாதாடுபவர்கள் ஒரு மாதத்தில் இரண்டு பொட்டலம் பிரிப்பவர்கள்.

"அவ்வளவு விலை கொடுக்கும்போது நல்ல ஸ்டீல் எதிர்பார்ப்பது தப்பா?" இதுதான் எல்லோரும் கைதட்டும் கேள்வி. ஒரு நல்ல ஸ்லிப் ஜாயின்ட் கத்தியில் (பூட்டு இல்லாமல் ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே அலகு நிற்கும் மடக்குக்கத்தி) விலை எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஸ்பிரிங்கின் முதுகு, கத்தி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பாதியில் நின்றாலும் பிடியோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. எலும்புப் பிடியை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கையால் உருட்ட வேண்டும். இரண்டு அலகும் மடங்கும்போது ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, அடிப்பாகத்தைத் தலைமுடி அளவு வளைத்துவிட வேண்டும். நீங்கள் கொடுப்பது அந்தக் கைகளுக்கான கூலி. அதை விட்டுவிட்டு, அலகில் இருக்கும் உலோகத்தின் எடைக்கு விலை பேசுகிறீர்கள்.

"என் காசு, என் விருப்பம், உனக்கென்ன நஷ்டம்?" எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தாராளமாக வாங்குங்கள். பொன்னால் செய்த கத்தி என்று கழுத்தை அறுத்துக்கொண்டாலும் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் வாங்குவதோடு நிற்பதில்லையே. இன்னொருவன் கையில் இருப்பதைப் பார்த்து "ஷோகேஸுக்குத்தான்" என்கிறீர்களே. புதிதாக வந்த ஒரு பையன் போன மாதம் தன் முதல் ஒப்பினெல்லைக் காட்டினான். "ஸ்டார்ட்டர் கத்தி, பரவாயில்லை" என்றார்கள். ஸ்டார்ட்டராம்! நூற்றி முப்பது வருடமாக மனிதர்கள் வாழ்நாள் முழுக்க வைத்திருந்த கத்தி இவர்களுக்கு ஸ்டார்ட்டர். அந்தப் பையன் அதற்கப்புறம் எதையும் காட்டவில்லை, கவனித்தீர்களா?

இதற்குள் "பழசையே கட்டிக்கொண்டு அழும் கிழம்" என்று யாரோ தட்டச்சு செய்துகொண்டிருப்பார். செய்யுங்கள். அரைத்த மாவையே அரைக்கிறேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், உண்மைதான். கோபம் வந்தால் எனக்கு ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும்.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பிக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், என் கல்லில், என் மேசையில். கோணம் பிடிக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தவனுக்குப் பிசிறு எழுவதைக் கட்டைவிரலால் எப்படி உணர்வது என்று காட்டியதும் இதே பேனாக்கத்தியில்தான். கார்பன் ஸ்டீல் என்பதால்தான் பத்தே நிமிடத்தில் அவனுக்குப் பிசிறு எழுந்தது, முகம் மலர்ந்தது. தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது என்பார்கள். பழமொழி இவ்வளவு சரியாக என் வீட்டு மேசைக்கே வந்து உட்காரும் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு அந்தக் கத்தி ஞாபகம் இல்லை. கையில் எடுத்தும் ஞாபகம் வரவில்லை. ஸ்டீல் பெயர்தான் கேட்கத் தோன்றியது.

அப்பா அதை வைத்துப் பென்சில் சீவுவார், கட்டுக்கயிறு அறுப்பார், கடித உறை பிரிப்பார், எங்கள் காலில் முள் ஏறினால் சின்ன அலகின் முனையால் நோண்டி எடுப்பார். கல் கைக்கு எட்டாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகு ஏறாத அடிவிளிம்பில் நாலு தேய்ப்புத் தேய்ப்பார். இப்படித் தேய்த்துத் தேய்த்துப் பெரிய அலகு இன்று சின்ன அலகின் அகலத்துக்கு வந்து நிற்கிறது. அது என்ன ஸ்டீல் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்ன செய்திருப்பார்? திரும்பப் போய்ப் பென்சில்தான் சீவியிருப்பார்.

கேவலமான ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து, பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு அந்த முத்திரையை அரைமணி நேரம் படிக்கப் பார்த்தேன். ஏதாவது பெரிய பெயராக இருந்துவிடாதா, மறுநாள் அவன் மூஞ்சியில் காட்டலாமே என்று. இரண்டு எழுத்துகள் தெரிந்தமாதிரி இருந்தன, அதுவும் கீறலாக இருக்கலாம். இத்தனை வருடம் எனக்குத் தேவைப்படாத பெயரை அந்த ஒரு 'ஓ' தேட வைத்துவிட்டது.

அடுத்த கூடுகைக்கும் இதே கத்தியைத்தான் கொண்டுவருவேன். கீழே வந்து ராக்வெல் எண்ணும் கார்பைடு சதவீதமும் போடப்போகிறவர்கள் போடுங்கள், நான் அழிக்க மாட்டேன். கூடவே உங்கள் கத்தியின் படத்தையும் போடுங்கள். மடக்கி வைத்த படம் வேண்டாம், திறந்து வைத்து எடுங்கள்.